காத்திருப்பும் களமிறக்கமும்: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து வீரர் தேர்வில் பட்டறிவும் இயல்திறனும் (1896–2025)

ஆய்வுச் சுருக்கம்

பல பருவங்கள் ஆடித் தேர்ந்த மூத்த மாணவரை நம்புவதா, ஆற்றல் மிகுந்த புதிய மாணவரைக் களமிறக்குவதா என்பது அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துப் பயிற்சியாளர் ஒவ்வொருவரும் எதிர்கொள்ளும் வினா. இதற்கான விடை பெரும்பாலும் பயிற்சியாளரின் தனித்திறமையாகவே பேசப்பட்டு வருகிறது. ஆடும் தகுதி, ஆள்மாற்றம், உதவித்தொகை, இடமாற்றம் ஆகியவை பற்றிய விதிகள் காலந்தோறும் மாறியபோது அவ்விடையும் உடன் மாறியதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. கல்லூரிக்குள் மெல்ல விளைவிக்கப்பட்ட பட்டறிவு, வெளியிலிருந்து பெறத்தக்க ஒன்றாக மாறியதும், அம்மாற்றத்தின் பயனும் இழப்பும் மாணவர்களிடையே சமமாகப் பங்கிடப்படாததும் இங்குச் சுட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அமெரிக்கக் கால்பந்து, கல்லூரி விளையாட்டு, ஆடும் தகுதி, செஞ்சட்டை ஆண்டு, உதவித்தொகை, இடமாற்றம்

முன்னுரை

இக்கட்டுரையில் கால்பந்து எனப்படுவது, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடப்படும் அமெரிக்கக் கால்பந்தாகும். ஒவ்வோர் அணியிலும் ஒரே நேரத்தில் பதினொருவர் களத்தில் நிற்பர். ஆட்டம் தொடர்ந்து ஓடுவதில்லை. சில நொடிகளே நீடிக்கும் தனித்தனி முயற்சிகளாக நடைபெறும். ஒவ்வொரு முயற்சிக்கும் முன்கூட்டியே வகுக்கப்பட்ட திட்டம் உண்டு. பந்தைப் பெற்றுத் தாக்குதலை நடத்தும் வீரர் குவார்ட்டர்பேக் எனப்படுகிறார். எதிரணியின் நிற்கும் முறையைப் படித்து, நொடிப்பொழுதில் முடிவெடுக்க வேண்டியவர் அவர். இதனால் இவ்வாட்டத்தில் உடல்வலிமையும் வேகமும் எவ்வளவு முதன்மையானவையோ, பழக்கத்தால் வரும் அறிவும் அவ்வளவு முதன்மையானது.

கல்லூரி அணிக்கு மற்றொரு தனித்தன்மையும் உண்டு. தொழில்முறைச் சங்கத்தில் சிறந்த வீரர் பத்தாண்டுக்கு மேலும் ஆடலாம். கல்லூரியிலோ மாணவர் படித்து வெளியேறியாக வேண்டும். பட்டறிவு முழுமை பெறும் வேளையில் அதனைப் பெற்றவர் விடைபெற்றுவிடுகிறார். ஒவ்வோர் ஆண்டும் அணியின் ஒரு பகுதி கரைந்து, பள்ளிகளிலிருந்து வரும் பதினெட்டு வயதினரால் நிரப்பப்படுகிறது. ஆகவே பட்டறிவுக்கும் இயல்திறனுக்கும் இடையிலான சமநிலை ஒருமுறை கண்டு முடிக்கத்தக்கதன்று. மாணவரின் காலம் எவ்வளவு, அக்காலத்தை யார் ஆள்கிறார் என்பவற்றைப் பொறுத்தே அது அமைகிறது. இவ்விரண்டையும் வரையறுத்தவை விதிகள்.

1. தகுதி விதிகளின் தோற்றம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் யார் மாணவர் என்பதே தெளிவாக வரையறுக்கப்படவில்லை. படிப்பில் பெயரளவுக்குச் சேர்ந்து, ஊர் ஊராகச் சென்று ஆடிய நாடோடி வீரர்கள் பலர் இருந்தனர். 1896-இல் மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்ற ஃபீல்டிங் யோஸ்ட், பருவத்தின் நடுவில் லஃபாயெட் கல்லூரிக்கு மாறினார். நெடுநாள் தோல்வி காணாத பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அணியை லஃபாயெட் 6–4 என வென்ற ஆட்டத்தில் பங்கேற்றார். பின்னர் மேற்கு வர்ஜீனியாவுக்கே திரும்பினார். வேண்டிய ஆட்டத்துக்கு வேண்டிய ஆளைக் கொண்டுவரும் வழக்கத்துக்கு இது பலரும் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சியாகும். இத்தகைய சூழலில், பல ஆண்டுகள் பல கல்லூரிகளில் ஆடிப் பழகியவரே பெரும்பயன் தந்தார். பட்டறிவுக்கு எல்லை விதிக்கப்படாத காலம் அது.

பர்டூ பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் ஸ்மார்ட் 1895-இல் சிகாகோவில் கூட்டிய கூட்டத்தின் தொடர்ச்சியாக, 1896-இல் நடுமேற்குப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு உருவாயிற்று. பின்னாளில் ‘பிக் டென்’ எனப் பெயர் பெற்றது இதுவே. 1905-இல் களத்தில் நேர்ந்த உயிரிழப்புகள் நாடெங்கும் கவலையை எழுப்பின. குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆகியவற்றின் சார்பாளர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். 1906-இல் தொடங்கப்பெற்ற நாடளாவிய சங்கம் 1910-இல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் (என்.சி.ஏ.ஏ.) எனப் பெயர் மாற்றம் பெற்றது.

அதே 1906-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் ஏஞ்சலின் முன்முயற்சியில் நடுமேற்குக் கூட்டமைப்பு சில கடுமையான விதிகளை வகுத்தது. முதலாண்டு மாணவர் ஆடக் கூடாது; பட்டம் பெற்றவர் ஆடக் கூடாது; ஒருவர் மூன்று பருவங்களுக்கு மேல் ஆடக் கூடாது என்பவை அவற்றுள் முதன்மையானவை. இவ்விதிகள் இரு முனைகளையும் ஒருசேர வெட்டின. கீழ் முனையில், பள்ளியிலிருந்து வந்த இயல்திறன் ஓராண்டு காத்திருக்க நேர்ந்தது. மேல் முனையில், அளவு கடந்த பட்டறிவு விலக்கப்பட்டது. அப்போது மிச்சிகனின் பயிற்சியாளராக இருந்தவர் முன்னர்க் குறிப்பிட்ட யோஸ்ட்டே. முன்னரே ஆடிய பருவங்களையும் கணக்கில் சேர்க்கும் முறை அவருடைய மூத்த வீரர்களைப் பாதித்தது. மிச்சிகன் கூட்டமைப்பிலிருந்து விலகி, 1917-இல்தான் திரும்பி வந்தது. மூத்த வீரர்களின் தகுதியை முன்னிட்டு ஒரு பெரும் பல்கலைக்கழகம் தன் கூட்டமைப்பையே விட்டு விலகியது என்பது, பட்டறிவின் மதிப்பு அன்றே எவ்வளவு உணரப்பட்டிருந்தது என்பதற்குச் சான்றாகும்.

2. போர்க்காலமும் ஆள்மாற்ற விதியும்

முதலாண்டுத் தடை படிப்படியாகப் பெரிய கல்லூரிகளின் பொது வழக்காயிற்று. இரண்டாம் உலகப் போர் அதனைத் தற்காலிகமாகத் தளர்த்தியது. மூத்த மாணவர்கள் படையில் சேர்ந்துவிட, முதலாண்டு மாணவர் ஆட இசைவு தரப்பட்டது. கடற்படையின் அலுவலர் பயிற்சித் திட்டம் வீரர்களை ஒரு கல்லூரியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றியது. விஸ்கான்சினின் புகழ்பெற்ற வீரர் எல்ராய் ஹிர்ஷ் 1943-இல் மிச்சிகனுக்காக ஆடியது இவ்வாறே.

இக்காலத்தில் ஆள்மாற்ற விதியிலும் ஒரு திருப்பம் நேர்ந்தது. முன்னர், களத்திலிருந்து நீங்கிய வீரர் எளிதில் திரும்ப முடியாது. ஒருவரே தாக்கவும் தடுக்கவும் வேண்டும். 1941-இல் இக்கட்டுப்பாடு நீக்கப்பட்டது. 1945 அக்டோபரில், நாட்டின் வலிமை மிக்க அணியாக விளங்கிய இராணுவக் கழக அணியை மிச்சிகன் எதிர்கொண்டது. மிச்சிகன் பயிற்சியாளர் ஃபிரிட்ஸ் கிரிஸ்லரிடம் இருந்தவர்களுள் பலர் முதிராத இளையோர். அவர் அவர்களைத் தாக்குதலுக்கு ஒரு பிரிவாகவும் தடுப்புக்கு ஒரு பிரிவாகவும் பகுத்து ஆடச் செய்தார். மிச்சிகன் 28–7 எனத் தோற்றது. எனினும் அந்த இரு பிரிவு முறை நிலைத்துப் பரவியது. பட்டறிவுக் குறையை ஈடுசெய்யக் கிரிஸ்லர் கண்ட வழி, ஒவ்வொருவரும் கற்க வேண்டியதன் அளவைப் பாதியாகக் குறைப்பதே. செலவைக் காரணம் காட்டி 1953-இல் இம்முறை தடைசெய்யப்பட்டு, 1965-இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னர், ஒரே ஒரு வேலையைச் சிறப்பாகச் செய்யக்கூடிய இளைய மாணவருக்கும் அணியில் இடம் கிடைப்பது எளிதாயிற்று.

போருக்குப் பின் தராசு எதிர்ப்பக்கம் சாய்ந்தது. 1944-ஆம் ஆண்டுச் சட்டம் படைவீரர்களின் கல்விச் செலவை அரசே ஏற்க வழிசெய்தது. நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் ஜானி லூஜாக், 1943-இல் இரண்டாமாண்டு மாணவராக இருந்தபோது, படைக்குச் சென்ற ஏஞ்சலோ பெர்ட்டெல்லியின் இடத்தை ஏற்றவர். பின்னர்த் தாமும் கடற்படையில் பணியாற்றித் திரும்பி, 1947-இல் கல்லூரிக் கால்பந்தின் உயரிய ஹைஸ்மன் விருதைப் பெற்றார். அவ்விருதில் இரண்டாமிடம் பெற்ற மிச்சிகனின் பாப் சாப்பியஸ், இத்தாலியில் சுட்டு வீழ்த்தப்பட்ட போர்விமானத்திலிருந்து உயிர் தப்பியவர். இத்தகையோரோடு போட்டியிட்டு இடம் பிடிப்பது பள்ளியிலிருந்து நேரே வந்த மாணவருக்கு அரிதாயிற்று.

3. காத்திருப்பின் காலம்

1950-களும் 1960-களும் காத்திருப்பு முறை முழுமை பெற்ற காலம். 1956-இல் விளையாட்டுக்கான உதவித்தொகை வெளிப்படையாக ஏற்கப்பட்டது. முதலாண்டு மாணவருக்குத் தனி அணியும் தனி ஆட்டங்களும் இருந்தன. முதன்மை அணியில் ஆட மூன்று பருவங்களே கிட்டின.

இதனுடன் செஞ்சட்டை முறையும் இணைந்தது. ஒரு மாணவர் ஓராண்டு முழுவதும் பயிற்சி மட்டும் பெற்று, ஆட்டங்களில் பங்கேற்காதிருந்தால், அவ்வாண்டு அவருடைய பருவக் கணக்கில் சேராது. 1937-இல் நெப்ராஸ்காப் பல்கலைக்கழகத்தின் வாரன் ஆல்ஃப்சன் தாமே விரும்பி இவ்வாறு ஓராண்டு பயிற்சி மட்டும் பெற்றதிலிருந்து இவ்வழக்கம் தொடங்கியதாகக் கூறப்படுகிறது. அத்தகையோர் பயிற்சியில் அணிந்த சிவப்புச் சட்டையே பெயருக்குக் காரணமாயிற்று. பயிற்சியாளருக்கு இம்முறை பெரும் வாய்ப்பைத் தந்தது. பதினெட்டு வயதில் சேர்க்கப்பட்டவரை எடை கூட்டி, ஆட்டத் திட்டங்களைக் கற்பித்து, இருபத்திரண்டு வயதில் களமிறக்கலாம். பட்டறிவு இங்குக் கல்லூரிக்குள்ளேயே விளைவிக்கப்பட்டது. அதற்கான விலை மாணவரின் ஓராண்டு.

காத்திருப்பு முறையின் உச்சக் காலத்திலும் எல்லா இயல்திறனும் எண்ணப்பட்டதில்லை. தென்மாநிலப் பல்கலைக்கழகங்கள் பல, கறுப்பின மாணவரை அணியில் சேர்க்கவே இல்லை. 1970 செப்டம்பரில் தென் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் அலபாமாவை அதன் மாநிலத்திலேயே 42–21 என வென்றது. கறுப்பின வீரர் சாம் கன்னிங்ஹாம் அவ்வாட்டத்தில் 135 கெஜம் ஓடினார். அலபாமா அதற்கு முன்னரே வில்பர் ஜாக்சன் என்னும் கறுப்பின மாணவருக்கு உதவித்தொகை தந்து சேர்த்திருந்தது. ஆனால் அவர் முதலாண்டு மாணவர். விதிப்படி அன்று ஆட முடியாது. அடுத்த ஆண்டு அலபாமாவுக்காகக் களமிறங்கிய முதல் கறுப்பின வீரர் ஜான் மிட்செல். அலபாமாவின் மொபைல் நகரைச் சேர்ந்த அவர், அரிசோனாவின் ஈராண்டுக் கல்லூரி ஒன்றில் ஆடிவிட்டு வந்தவர். சொந்த மாநிலத்தில் மறுக்கப்பட்ட இடத்தை, வேற்று மாநிலத்தில் பெற்ற பட்டறிவைக் கொண்டு அவர் அடைந்தார். இயல்திறனை மதிப்பிடும் கண் எவ்வளவு கூர்மையானதாயினும், அது பார்க்க மறுத்தவர்களை மதிப்பிட்டதில்லை என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

4. 1972: தடை நீங்கியதும் விளைவுகளும்

1972 தொடக்கத்தில் கூடிய தேசியச் சங்க மாநாடு, கால்பந்திலும் கூடைப்பந்திலும் முதலாண்டு மாணவர் ஆட இசைந்தது. பிற விளையாட்டுகளில் இவ்விசைவு 1968-இலேயே தரப்பட்டிருந்தது. தனி அணிக்கான செலவைக் குறைப்பது முதன்மையான காரணங்களுள் ஒன்று. இவ்வாறு பொருளாதார நோக்கில் எழுந்த முடிவு ஆட்டத்தின் இயல்பையே மாற்றியது.

அவ்வாண்டு செப்டம்பரில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மாணவர் ஆர்ச்சி கிரிஃபின், முதல் ஆட்டத்தில் கைக்கு வந்த ஒரே வாய்ப்பில் பந்தை நழுவவிட்டார். புதியவரை நம்புவதில் உள்ள இடர் இதுவே எனப் பயிற்சியாளர் வுடி ஹேய்ஸ் கருதி அவரை ஒதுக்கியிருக்கலாம். ஆனால் அடுத்து வட கரோலினாவுக்கு எதிரான ஆட்டத்தில் கிரிஃபினுக்கு மீண்டும் வாய்ப்பளிக்கப்பட்டது. அவர் 239 கெஜம் ஓடி அப்பல்கலைக்கழகத்தின் சாதனையை முறியடித்தார். 1974, 1975 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஹைஸ்மன் விருது பெற்ற அவருக்கு இணையாக, அவ்விருதை இருமுறை பெற்றவர் வேறெவரும் இலர். புதியவரின் பிழையை அவருடைய ஆற்றலோடு சேர்த்து எடைபோடும் பொறுமை, தேர்வின் ஒரு பகுதி என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் வேறொரு பாடத்தைத் தருகிறது. 1972-இல் அது பதினொரு ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே வென்றது. புதிய பயிற்சியாளர் ஜானி மேஜர்ஸ் 1973-இல் பெருந்தொகையான புதிய மாணவர்களைச் சேர்த்தார். அவர்களுள் ஒருவரான டோனி டார்செட் முதலாண்டிலேயே ஆயிரம் கெஜத்துக்கு மேல் ஓடினார். 1976-இல் அவ்வணி பன்னிரண்டு ஆட்டங்களையும் வென்று தேசிய வாகையர் ஆயிற்று; டார்செட் ஹைஸ்மன் விருது பெற்றார். மேஜர்ஸ் 1973-இல் இயல்திறனைக் களமிறக்கினார். 1976-இல் அதே மாணவர்கள் வழியாகப் பட்டறிவை அறுவடை செய்தார். இரண்டும் ஒரே மாணவரிடம் ஒரே கல்லூரியில் அடுத்தடுத்து வந்தமையால் தேர்வின் முரண் அங்குக் காலப்போக்கில் தானே தீர்ந்தது.

அத்தகைய பெருஞ்சேர்க்கைக்கு விரைவில் எல்லை வகுக்கப்பட்டது. 1973-இல் ஓர் அணிக்கான உதவித்தொகை எண்ணிக்கை 105 என வரையறுக்கப்பட்டது. அது 1978-இல் 95 ஆகவும், 1994-இல் 85 ஆகவும் குறைந்தது. எண்ணிக்கை குறையக் குறைய, தவறாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒவ்வொருவரும் அணிக்குச் சுமையாகத் தோன்றலாயினர். அதே 1973-இல் நான்காண்டு உதவித்தொகை, ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டிய ஓராண்டுத் தொகையாக மாற்றப்பட்டது. பயிற்சியாளரின் மதிப்பீடு பிழைத்தால் அதன் சுமையை மாணவரும் ஏற்க நேர்ந்தது. பல ஆண்டுகளுக்கான உதவித்தொகை மீண்டும் இசைவு பெற 2012 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

5. ஆடும் இடமும் சமநிலையின் அளவும்

முதலாண்டிலேயே புகழ்பெற்றோரை வரிசைப்படுத்தினால் ஓர் உண்மை புலப்படும். கிரிஃபின், டார்செட், 1980-இல் ஜார்ஜியாவைத் தேசிய வாகையர் ஆக்கிய ஹெர்ஷல் வாக்கர், 2002-இல் ஒஹாயோ மாநில அணியின் மாரிஸ் கிளாரெட் ஆகிய அனைவரும் பந்தை ஏந்தி ஓடுபவர்கள். இடைவெளியைக் கண்டு பாயும் இவ்வேலையில் உள்ளுணர்வும் வேகமும் பெரும்பங்கு வகிக்கின்றன. குவார்ட்டர்பேக்குக்குக் காவலாக முன்வரிசையில் நிற்போரின் நிலை வேறு. அவர்களுக்கு முதிர்ந்த உடல்வலிமை வேண்டும். ஐவரும் ஒருவர் அசைவை மற்றவர் அறிந்து இயங்க வேண்டும். அதனால் செஞ்சட்டை ஆண்டின் பயன் அவ்விடத்தில் மிகுதி. குவார்ட்டர்பேக் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவர். பயிற்சியாளர்களின் கருத்து வேறுபாடு மிகுதியாக எழுவது அவ்விடத்தில்தான்.

ஹைஸ்மன் விருதின் வரலாறும் இதற்குத் துணைநிற்கிறது. 1935 முதல் வழங்கப்படும் அவ்விருதை இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் முதன்முதலாகப் பெற்றது 2007-இல். அவர் ஃபுளோரிடாவின் டிம் டீபோ. முதலாண்டுத் தகுதியில் ஆடியவர் பெற்றது 2012-இல். அவர் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் ஜானி மன்செல். இருவருமே குவார்ட்டர்பேக்குகள். எனினும் மன்செலும், 2013-இல் அவரைத் தொடர்ந்து அவ்விருதைப் பெற்ற ஜேமிஸ் வின்ஸ்டனும் செஞ்சட்டை ஆண்டைக் கழித்தவர்கள் என்பது நோக்கத்தக்கது. புதுமுகங்கள் எனக் கொண்டாடப்பட்ட இருவரும் ஓராண்டுக் காத்திருப்பின் பயனைப் பெற்றிருந்தனர்.

பள்ளிப் படிப்பை முடித்து மூன்றாண்டுகள் ஆகாதவரைத் தொழில்முறைச் சங்கம் ஏற்பதில்லை என்னும் விதியும் கல்லூரிகளுக்குத் துணையாயிற்று. கிளாரெட் அதனை நீதிமன்றத்தில் எதிர்த்து, கீழமை நீதிமன்றத்தில் வென்று, 2004 மே மாதம் மேல்முறையீட்டில் தோற்றார். சிறந்த இயல்திறன் குறைந்தது மூன்றாண்டு கல்லூரிக்குள்ளேயே தங்கிப் பட்டறிவாக மாறும் நிலையை இவ்விதி காத்தது.

6. ஈராண்டுக் கல்லூரி வழி

பெரும் புகழில்லாத பல்கலைக்கழகங்கள் நாட்டின் தலைசிறந்த பள்ளி மாணவர்களை ஈர்க்க இயலாது. அவற்றுக்குத் திறந்திருந்த வழிகளுள் ஒன்று ஈராண்டுக் கல்லூரி. மதிப்பெண் குறைவாலோ, பள்ளியில் கவனிக்கப்படாமையாலோ அங்குச் சென்றவர்கள், இரு பருவங்கள் ஆடிய பட்டறிவோடு வந்து சேர்வர்.

கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகம் 1987, 1988 ஆகிய இரு பருவங்களிலும் ஓர் ஆட்டத்தில்கூட வெல்லவில்லை. 1989-இல் பொறுப்பேற்ற பில் ஸ்னைடர் இவ்வழியை விரிவாகப் பயன்படுத்தினார். டெக்சாஸின் பிளின் கல்லூரியிலிருந்து வந்த குவார்ட்டர்பேக் மைக்கேல் பிஷப், 1998-இல் அவ்வணியைத் தோல்வியின்றிக் கூட்டமைப்பின் இறுதி ஆட்டம் வரை கொண்டுசென்றார். அவ்வாட்டத்தில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணியிடம் 36–33 எனத் தோற்றதால் தேசியப் பட்ட வாய்ப்பு கைநழுவியது. பிஷப் ஹைஸ்மன் விருதில் இரண்டாமிடம் பெற்றார். இவ்வழியின் குறை, அவ்வாறு வருபவர் ஈராண்டே தங்குவதாகும். அவர் இடத்தை மீண்டும் மீண்டும் நிரப்பியாக வேண்டும். பின்னாளில் எல்லா அணிகளும் எதிர்கொள்ளப்போகும் இக்கட்டு, ஸ்னைடரின் அணிக்கு முன்கூட்டியே வாய்த்தது.

7. இரு குவார்ட்டர்பேக்குகள்: 1985-உம் 2018-உம்

1985-இல் ஓக்லஹோமாப் பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக் இரண்டாமாண்டு மாணவர் டிராய் ஐக்மன். மயாமிக்கு எதிரான ஆட்டத்தில் அவருடைய கணுக்கால் முறிந்தது. அவரிடத்தில் இறங்கிய முதலாண்டு மாணவர் ஜமெல் ஹாலிவே, அணியைத் தேசிய வாகையர் ஆக்கினார். ஓடும் ஆட்டத்துக்கு ஹாலிவே பொருத்தமானவர். ஐக்மன் எறிவதில் வல்லவர். அணியில் இனித் தமக்கு இடமில்லை என உணர்ந்த ஐக்மன், லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். இடம் மாறியவர் ஓராண்டு ஆடக் கூடாது என்னும் விதியால் 1986 பருவத்தில் அவர் ஆடவில்லை. பின்னர் இரு பருவங்கள் சிறப்பாக ஆடி, 1989-இல் தொழில்முறைச் சங்கத் தேர்வில் முதல்வராகத் தெரிவு செய்யப்பட்டார்.

2018-இல் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் இதையொத்த நிலை எழுந்தது. இறுதியாண்டு மாணவர் கெல்லி பிரையன்ட், முந்தைய பருவத்தில் அணியைத் தேசியப் பட்டத்துக்கான அரையிறுதிவரை கொண்டுசென்றவர். முதலாண்டு மாணவர் டிரெவர் லாரன்ஸ், நாட்டின் மிகச் சிறந்த பள்ளி வீரர்களுள் ஒருவராக மதிக்கப்பட்டவர். நான்கு ஆட்டங்கள்வரை இருவரும் மாறி மாறி ஆடினர். நான்கிலும் அணி வென்றது. அதன்பின் பயிற்சியாளர் டாபோ ஸ்வினி லாரன்ஸைத் தெரிவு செய்தார். நான்கு ஆட்டங்கள்வரை ஆடினாலும் அப்பருவத்தைச் செஞ்சட்டை ஆண்டாகக் கொள்ளலாம் என்னும் புதிய விதி அவ்வாண்டுதான் வந்திருந்தது. பிரையன்ட் உடனே அணியை விட்டு நீங்கினார். அடுத்த ஆண்டு மிசௌரிப் பல்கலைக்கழகத்துக்காக ஆடினார்.

அவர் நீங்கிய சில நாள்களில், சிரக்யூஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் லாரன்ஸ் காயமுற்றார். ஆடித் தேர்ந்த மாற்று வீரர் அணியில் இல்லை. மூன்றாம் நிலையிலிருந்த சேஸ் பிரைஸ் இறங்கி, 27–23 என மயிரிழையில் வெற்றி தேடித்தந்தார். அப்பருவத்தில் கிளெம்சன் பதினைந்து ஆட்டங்களையும் வென்று, இறுதியில் அலபாமாவை 44–16 எனத் தோற்கடித்தது. ஹாலிவேக்குப் பின், செஞ்சட்டை ஆண்டைக் கழிக்காமல், தொடக்க ஆட்டக்காரராக இறங்கித் தேசியப் பட்டம் வென்ற முதல் முதலாண்டுக் குவார்ட்டர்பேக் லாரன்ஸ். முடிவைக் கொண்டு நோக்கினால் ஸ்வினியின் தேர்வு சரியே. ஆனால் சிரக்யூஸ் ஆட்டம் வேறு விதமாக முடிந்திருந்தால், அதே தேர்வு அவசர முடிவாகப் பழிக்கப்பட்டிருக்கும்.

அலபாமாவின் பட்டறிவும் ஒப்பிடத்தக்கது. 2018 சனவரியில் ஜார்ஜியாவுக்கு எதிரான தேசிய இறுதியாட்டத்தில் பாதி நேரம்வரை 13–0 எனப் பின்தங்கிய நிலையில், பயிற்சியாளர் நிக் சேபன் ஈராண்டாக அணியை நடத்திய ஜேலன் ஹர்ட்ஸை விலக்கி, முதலாண்டு மாணவர் டுவா டகோவைலோவாவை இறக்கினார். அலபாமா கூடுதல் நேரத்தில் 26–23 என வென்றது. ஹர்ட்ஸ் அணியை விட்டு நீங்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் ஜார்ஜியாவுக்கு எதிராகவே டகோவைலோவா காயமுற்றபோது, ஹர்ட்ஸ் இறங்கி 35–28 என அணியைக் காத்தார். கிளெம்சன் இழந்த மாற்று வீரரை அலபாமா தக்கவைத்திருந்தது. அதுவும் அவ்வொரு பருவத்துக்கு மட்டுமே. 2019-இல் ஹர்ட்ஸ் ஓக்லஹோமாவுக்கு மாறி, ஹைஸ்மன் விருதில் இரண்டாமிடம் பெற்றார்.

1985-இல் பின்தள்ளப்பட்ட மாணவர் ஓராண்டை இழந்தார். 2018-இல் பின்தள்ளப்பட்ட மாணவர் ஆடும் பருவத்தை இழக்கவில்லை. இம்முப்பத்து மூன்று ஆண்டு இடைவெளியில் மாறியது பயிற்சியாளரின் மதிப்பீட்டு முறையன்று. மாணவருக்குத் தம் காலத்தின்மீது இருந்த உரிமையே.

8. பட்டறிவின் சந்தை

2018 அக்டோபரில் இடமாற்றம் விரும்பும் மாணவர்களின் பெயர்களைப் பதியும் பொதுத் தளம் தொடங்கப்பெற்றது. கொள்ளைநோய்க் காலமான 2020-ஆம் ஆண்டுப் பருவம் எவருடைய கணக்கிலும் சேர்க்கப்படவில்லை. 2021-இல் ஒருமுறை இடம் மாறுவோர் காத்திருக்கத் தேவையில்லை என்றாயிற்று. அவ்வாண்டு சூலை முதல் மாணவர் தம் பெயர், உருவம் ஆகியவற்றைக் கொண்டு பொருளீட்டவும் இசைவு கிட்டியது. 2024-இல் எத்தனை முறை மாறினாலும் காத்திருக்கும் கட்டாயம் நீங்கியது. 2025 சூன் மாதம் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, பல்கலைக்கழகங்கள் முதல் ஆண்டில் ஏறத்தாழ 205 இலட்சம் டாலர்வரை தம் வீரர்களுக்கு நேரடியாகப் பகிர இசைவு பெற்றன. 85 என்னும் உதவித்தொகை எல்லை நீங்கி, அணியின் மொத்த எண்ணிக்கைக்கு 105 என்னும் எல்லை வந்தது.

பயன் உடனே தெரிந்தது. 2023-இல் பன்னிரண்டு ஆட்டங்களில் மூன்றில் மட்டுமே வென்ற இண்டியானாப் பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சியாளராக வந்த கர்ட் சிக்னெட்டி, தாம் முன்பிருந்த ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து பதின்மூன்று வீரர்களை உடன் அழைத்துவந்தார். எதிர்காலத்தில் சாதிக்கக்கூடியவரைவிட ஏற்கெனவே சாதித்தவரை நம்புவது அவர் கொள்கை. 2024-இல் அவ்வணி பதினொரு வெற்றிகளோடு தேசியப் பட்டச் சுற்றுக்குத் தகுதி பெற்றது. ஸ்னைடர் பல ஆண்டுகள் உழைத்து அடைந்த மாற்றத்தைச் சிக்னெட்டி ஒரே ஆண்டில் அடைய, விதிகள் வழிவிட்டன.

இம்மாற்றத்தின் மறுபக்கம் அவ்வளவு பேசப்படுவதில்லை. அணியில் இடங்கள் வரையறுக்கப்பட்டவை. இருபத்து மூன்று வயதுடைய, ஆடித் தேர்ந்த ஒருவருக்கு ஒதுக்கப்படும் ஒவ்வோர் இடமும் பள்ளி இறுதியாண்டு மாணவர் ஒருவருக்குக் கிட்டாத இடமாகும். முன்னணியில் நிற்கும் சிலருக்கு இதனால் குறையில்லை. அவர்களை எல்லாரும் அழைப்பர். மெல்ல வளரும் இயல்புடைய மாணவரே இடமிழக்கிறார். செஞ்சட்டை ஆண்டு யாருக்காகப் பயன்பட்டதோ, அவருக்கான வாயில் குறுகுகிறது. மேலும், சிறிய கல்லூரி ஒன்று ஈராண்டு பயிற்றுவித்த மாணவரைப் பெரிய கல்லூரி அழைத்துக்கொள்ளும்போது, விளைவித்த உழைப்பு ஓரிடத்திலும் அறுவடை மற்றோரிடத்திலும் அமைகின்றன.

முடிவுரை

2025 சனவரி 20 அன்று நடைபெற்ற தேசிய இறுதியாட்டத்தில் ஒஹாயோ மாநில அணி நோட்டர் டேமை 34–23 என வென்றது. ஆட்டத்தின் இறுதிப் பகுதியில், முயற்சி தவறினால் பந்து எதிரணிக்குச் செல்லக்கூடிய நெருக்கடியில், குவார்ட்டர்பேக் வில் ஹோவர்ட் எறிந்த பந்தை ஜெரமையா ஸ்மித் பிடித்தார். அவ்வொரு முயற்சி 56 கெஜம் ஈட்டி வெற்றியை உறுதி செய்தது. ஸ்மித் முதலாண்டு மாணவர். ஹோவர்ட் கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நான்கு பருவங்கள் ஆடியவர். அங்கு ஏவரி ஜான்சன் என்னும் இளைய வீரர் எழுந்துவந்த நிலையில் இடம் மாறியவர். 2020-ஆம் ஆண்டுப் பருவம் கணக்கில் சேராததால்தான் ஐந்தாம் பருவம் அவருக்குக் கிட்டியது. 1971-க்கு முந்தைய விதிகளின்படி ஸ்மித்தும் ஆடியிருக்க முடியாது. ஹோவர்டும் ஆடியிருக்க முடியாது.

ஒரு கல்லூரி இயல்திறனுக்காக விட்டுக்கொடுத்த பட்டறிவை மற்றொரு கல்லூரி பெற்று, தன்னிடமிருந்த இயல்திறனோடு இணைத்தது. இன்றைய தேர்வுமுறையின் சாரம் இதுவே. 1906-இன் விதிகள் இரு முனைகளையும் வெட்டி, மாணவரின் காலத்தைக் கல்லூரியின் கையில் வைத்தன. 1972-க்குப் பின் கீழ் முனை திறந்தது. 2018-க்குப் பின் மேல் முனையும் திறந்தது. பயிற்சியாளரின் கூர்மதி ஒவ்வொரு கட்டத்திலும் தேவைப்பட்டது. ஆயினும் அது எதைத் தெரிவு செய்ய முடியும் என்பதை விதிகளே வரையறுத்தன.

இவ்வரலாற்றில் மாணவர் பெற்ற உரிமை உண்மையானது. ஐக்மனைப் போல் ஓராண்டை இழக்கும் கட்டாயம் இன்றைய மாணவருக்கு இல்லை. அதே வேளையில், பிட்ஸ்பர்க்கில் டார்செட்டின் தோழர்கள் நான்காண்டுகளில் ஒன்றாக முதிர்ந்ததைப் போன்ற வளர்ச்சிக்கான பொறுமையும் அருகிவருகிறது. பள்ளியிலிருந்து வரும் சாதாரண ஆற்றலுடைய மாணவருக்குக் காத்திருந்து கற்கும் வாய்ப்பை எவ்விதி வழங்கும் என்பதே இனி வரும் விதியாக்கங்கள் விடைகாண வேண்டிய வினாவாகும்.